மாடத்தி கட்டிய வாய்க்கூடு

பட்டினி போட்டுக் கொன்றாள் என்று சொல்வதை முதலில் நிறுத்தட்டும். எதிர்வீட்டுப் பத்மப்ரியா குழாயடியில் நின்றுகொண்டு சொல்கிறாளாம், அந்த மாடத்தி பசு பாக்யத்தின் வாயைக் கட்டி அதையும் கொன்றாள், தெருவின் பித்ருக்களையும் பட்டினி போட்டாள், அதனால்தான் விளக்கு வைத்த பிறகு கொல்லைக் கதவுகளின் தாழ்ப்பாள் தானாகத் தூக்கிக்கொள்கிறது என்று. தாழ்ப்பாள் சத்தம் எனக்கும் கேட்கிறது. எனக்குக் கண்தான் மங்கல், காதுக்கு ஒரு குறையும் இல்லை. கேட்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கு அவள்தான் காரணம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பேத்தி மாளவிகா எழுதிக்கொள்ளட்டும். எழுதி வைத்ததை நாளைக்கு யாரும் குழாயடியில் மாற்றிச் சொல்ல முடியாது.

அவளுடைய முழுப்பெயர் சுடலைமாடத்தி. எங்கள் வலியசாலைத் தெருவில் அந்தப் பெயரை அந்தி நேரத்தில் வாயால் சொல்லப் பயப்படுகிறார்கள், சுடுகாட்டுப் பெயராம். அது அவளுடைய குலதெய்வத்தின் பெயர். பணகுடிக்குப் பக்கம் அவள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்திக்காவது அந்தப் பெயர் இருக்கும். புருஷன் விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டும் வேலைக்கு வந்தபோது கூடவே வந்தவள். வந்த இடத்தில் அவன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஊருக்குத் திரும்பிப் போகாமல், இங்கே ஒரு தனியார் மிருக ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். அங்கிருந்த டாக்டர் லிபி, நல்ல பெண், இவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்து, சர்ட்டிபிகேட் படிப்புக்கும் அனுப்பி, நர்ஸ் ஆக்கினாள்.

எங்களுக்கு அவளைத் தெரிந்தது பூனையால். எங்கள் பூனை கிட்டுவுக்கு வாயெல்லாம் புண். பசியோடு தட்டுக்கு ஓடும், ஒரு வாய் வைத்ததும் அலறிக்கொண்டு பின்வாங்கும், பிறகு தட்டைப் பார்த்தே சீறும். எச்சில் கயிறாகத் தொங்கும். மாளவிகா அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் பல்லையெல்லாம் எடுத்துவிட்டு, வீட்டில் வந்து பார்த்துக்கொள்ள மாடத்தியை அனுப்பினாள். முதல் நாளே கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு கொல்லை வழியாக வந்து நின்றாள்.

"பாட்டிம்மா, இது மீன் சாறு. உங்க அடுக்களைக்குள்ள கொண்டு வரமாட்டேன். பூனைக்கு ரசஞ்சாதம் எறங்காது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் கண்ணில் படாமல் எதை வேண்டுமானாலும் கொடு என்றேன். அவள் அந்தச் சாற்றைத் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பாள், கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல. விரலில் எடுத்துப் பூனையின் உதட்டோரத்தில் தடவிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நக்கினால் அடுத்த துளி. நக்காவிட்டால் தூக்கை மூடிக்கொண்டு போய்விடுவாள், மறுபடி வருவாள். வாயைப் பிளந்து ஊற்றி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. கிட்டு தேறிவிட்டது. எங்கள் கொல்லை அறை காலியாகக் கிடந்தது, அதை அவளுக்குக் கொடுத்தேன். தெரு முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும், அறை என்னுடையது.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. முன்கோபம் உண்டு. யார் எதிரிலும் சாப்பிட மாட்டாள். கூப்பிட்டால் ஒரு தடவைக்குத் திரும்பமாட்டாள். அந்தி சாயும் நேரத்தில் கொல்லைப்படியில் ஒரு பெரிய சட்டி நிறையத் தண்ணீர் வைப்பாள். தெருநாய்க்கா என்று கேட்டேன். இல்லை என்றாள். வெகுநாள் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவளாகவே சொன்னாள்.

"தின்னாமச் செத்ததெல்லாம் வந்து நிக்கும் பாட்டிம்மா. வாயத் தெறந்துட்டு நிக்கும். சோறு கேக்காது, தண்ணி போதும் அதுகளுக்கு."

அவள் புருஷனும் அதில் ஒருவன் என்றாள். கடைசியில் அவன் சோறு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டானாம். மாமியார் மனசு கேட்காமல் கஞ்சியை ஊற்ற, இவள் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாளாம். கஞ்சி மூச்சுக்குழாய்க்குப் போயிற்று. அதற்குப் பிறகு எந்த ஜீவன் வாயை மூடிக்கொண்டாலும் நான் திறக்கமாட்டேன் என்றாள். நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். மழையைத் தவிர என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இனி பாக்யம். அடுத்த வீட்டு நாகேஸ்வரன் வளர்த்த பசு. அவர் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் இடிந்த குட்டைச்சுவர் ஒன்றுதான். நான் கல்யாணமாகி வந்தபோது தெருவில் வீட்டுக்கு வீடு மாடு நின்றது. அமாவாசை தர்ப்பணம் முடிந்ததும் எள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த அரிசி உருண்டையை அவரவர் வீட்டுப் பசுவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் இலையில் உட்காருவார்கள். பசு தின்றால் போனவர்கள் தின்ற மாதிரி. மாடுகளெல்லாம் போய்விட்டன, உருண்டைகள் போகவில்லை. இப்போது ஒரே பசு. தெருவே அதற்குக் கொடுத்தது. ஒவ்வொருவரும் நாம் ஒரு பிடிதானே கொடுக்கிறோம் என்று நினைத்தார்கள், அதில் பொய்யும் இல்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் கொட்ட மனசில்லாமல், கோமாதா சாப்பிடட்டும் என்று அண்டாவோடு பாக்யத்தின் முன்னால் வைத்துவிட்டார்கள். மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. இடது வயிற்றில், பிசைந்து வைத்த மாவில் பதிவதுபோல விரல் பதிந்தது. சாணி சாம்பல் நிறத்தில் நுரைத்துப் புளித்த வாடை அடித்தது. டாக்டர் லிபி வந்து, அரிசி வயிற்றில் புளித்து அமிலமாகிவிட்டது என்றாள். குழாய் விட்டுச் சோடா உப்புக் கரைசல் இறக்கினாள், நரம்பில் மருந்து ஏற்றினாள். மற்றதை மாடத்தியிடம் விட்டுப் போனாள்.

அந்த மற்றது எவ்வளவு என்று குழாயடிக்குத் தெரியாது. பசு ஒருச்சாய்த்துப் படுத்தால் காற்று வெளியே வராமல் வயிறு உப்பிச் செத்துப்போகும். வைக்கோல் மூட்டைகளை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். நேரத்துக்கு நேரம் பக்கம் மாற்றினாள். நாக்கெல்லாம் புண்ணாகியிருந்தது, உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுப்பாள். ஒரு நாள் எங்கிருந்தோ பண்ணைப் பசு ஒன்றின் வயிற்றுச் சாற்றை டாக்டர் கேனில் கொண்டுவந்து இதற்கு இறக்கினாள். ஒரு பசுவின் ஜீரணத்தை இன்னொரு பசுவுக்குக் கடன் கொடுக்க முடியும் என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். பிறகு ஒரு காலையில் மாடத்தி சுவருக்கு இந்தப் பக்கமிருந்த என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய், என் காதைப் பாக்யத்தின் இடது விலாவில் வைத்தாள்.

"இப்பம் கேளுங்க. தூரத்துல இடி உருளுத மாதிரி இல்ல? வயிறு திரும்பிட்டு."

கேட்டது. சற்று நேரத்தில் பாக்யம் அசைபோடவும் தொடங்கியது. மாடத்தி சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

வைக்கோலும் தண்ணீரும் மட்டும், அரிசி ஒரு பிடி உள்ளே போனாலும் அடுத்த தடவை என்னைக் கூப்பிட வேண்டாம் என்று டாக்டர் நாகேஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவரும் தலையாட்டினார். ஆடி அமாவாசை அருகில் வந்துவிட்டது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அமாவாசையன்று விடிந்ததிலிருந்து ஆடி மழை, இங்கே அதைக் கர்க்கடக மழை என்பார்கள். மாடத்தி தேங்காய்நார்க் கயிற்றில் பின்னிய வாய்க்கூட்டைப் பாக்யத்தின் வாயில் மாட்டி, கயிற்றைக் கொம்புக்குப் பின்னால் கட்டிவிட்டுத் தொழுவத்து வாசலில் நின்றாள். தர்ப்பணம் முடித்தவர்கள் குடையும் வாழையிலையுமாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் மகன் மஹேஷும் எங்கள் உருண்டையோடு நின்றோம்.

நாகேஸ்வரன் முதலில் தணிவாகத்தான் கேட்டார். "கூட்டைக் கழட்டு, மாடத்தி. வருஷத்துல ஒரு நாளாக்கும். ஆளுக்கு ஒரு பிடி, அதுக்குமேல யாரும் குடுக்கமாட்டா."

"ஒரு பிடி உங்களுக்கு, சாமி. மாட்டுக்கு அது தெரு பூராவும்."

பத்மப்ரியா அழுதுவிட்டாள். அதையும் சொல்ல வேண்டும், அவள் பொல்லாதவள் இல்லை. "எங்கப்பா போனப்பறம் வர முதல் ஆடி அமாவாசை இது. பசியோட வாசல்ல வந்து நிப்பாரே. நான் என்ன பதில் சொல்றது?"

"காக்காய்க்கு வைங்கம்மா. ஆத்துல விடுங்க. இதுக்கு வேண்டாம்."

நீங்கள் சொன்னால் கேட்பாள் மாமி என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொல்லமாட்டேன் என்றேன். எங்கள் உருண்டையைச் சுவர்மேல் வைக்கச் சொன்னேன். காகம் ஒன்றுகூட வரவில்லை, அந்த மழையில் எது வரும். என் கண் எதிரிலேயே உருண்டை கரைந்து, எள் சுவரில் வழிந்து இறங்கியது. என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் கிடைத்தது அவ்வளவுதான். எனக்கு அது வலிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மதியம் கழிந்து மாடத்திக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ரத்தமாக வயிற்றால் போகும் நாய்க்குட்டி ஒன்றுக்கு டிரிப் ஏற்றக் கை தேவைப்பட்டது. முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். மஹேஷும் மாளவிகாவும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். நான் பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தேன்.

அப்போதுதான் தாழ்ப்பாள் சத்தம். நாகேஸ்வரனின் கொல்லைக் கதவு. ஈரத்தில் காலடி. மெல்லிய குரல் ஒரு பெயரைச் சொன்னது. பத்மப்ரியாவின் அப்பா பெயர். காலடி திரும்பிப் போயிற்று. சற்றுப் பொறுத்து மறுபடி தாழ்ப்பாள். மறுபடி ஒரு பெயர், ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே போன தெற்கு வீட்டுப் பெரியவருடையது. மழைக்குள் மறுபடி, மறுபடி. நான் இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் யார் யாருக்குப் பாடை கட்டினார்களோ அவர்கள் பெயரெல்லாம் என் காதில் விழுந்தது. பசித்தவர்கள் தாங்களே புறப்பட்டு, வாசலில் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்றே நான் நம்பினேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு ராம நாமம் சொன்னேன். அந்தப் பயத்திலும் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரரின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வந்தார்களே, அவர் ஏன் வரவில்லை என்று எனக்குக் கண்ணீர் வந்தது.

விளக்கு வைக்கும் முன் மாடத்தி திரும்பி வந்தாள். வாய்க்கூடு வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் முடிச்சு வேறு. அவள் குனிந்து பாக்யத்தின் மூச்சை முகர்ந்து பார்த்தாள். வெல்ல வாடை. உதட்டோரத்தில் எள்.

டாக்டர் ஓடி வந்தாள். குழாய், சோடா உப்பு, ஊசி, எல்லாம் மறுபடியும். முன்பு பட்ட புண் ஆறாத வயிறு, இந்தத் தடவை கேட்கவில்லை. மாடத்தி வைக்கோல் முட்டுக் கொடுத்து, தலையை மடியில் தாங்காமல் தரையிலேயே இருக்க விட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் பாக்யம் போய்விட்டது.

கல்லாறு போகும் வழியில் நாகேஸ்வரனுக்கு ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் உண்டு. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே புதைத்தார்கள். புதைக்கும் முன் டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தாள். நாகேஸ்வரன் தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாராம். டாக்டர் கூப்பிட்டும் திரும்பவில்லையாம். மாடத்தி வந்து என்னிடம் சொன்னாள். அரிசியெல்லாம் புளித்துக் கஞ்சியாகியிருந்தது, அதன்மேல் எள் கறுப்பாக மிதந்தது, கையால் ஒதுக்க ஒதுக்க வந்துகொண்டே இருந்தது என்றாள். அப்போதுதான் மழையில் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் யார் என்று எனக்கு விளங்கிற்று. தெருக்காரர்களேதான், அவரவர் தனித்தனியாக, வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று நினைத்து, ஒரே ஒரு பிடியோடு வந்திருக்கிறார்கள். ஆனால் நான் கேட்ட பெயர்களில் சில பேருக்கு உருண்டை கொண்டுவர இந்தத் தெருவில் இன்றைக்கு வீடே இல்லை. அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, மாளவிகா, அதையும் அப்படியே எழுது.

போய்ச் சொல், குழாயடியில் நின்று உரக்கச் சொல் என்று மாடத்தியிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"யாருன்னு சொல்ல, பாட்டிம்மா? ஒரு பிடியில மாடு சாகாது. அப்பம் யாரும் கொல்லல. நான் முடிச்சை அவுக்க முடியாத மாதிரி போட்டிருக்கணும்."

அவள் வாய் திறக்கவில்லை, நாகேஸ்வரனும் திறக்கவில்லை. அந்த மௌனத்தில்தான் பட்டினிக் கதை முளைத்தது. பிறகு அந்தியில் தாழ்ப்பாள்கள் தாமாகத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தன. பத்மப்ரியாவின் வீட்டில் யாரோ தட்டை இழுக்கிற சத்தம். தொழுவத்தில் மாடு இல்லாமலே மணி. மாடத்தி தன் அறை வாசலில் உட்கார்ந்து கொல்லையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

மஹாளய அமாவாசை நெருங்கியதும் தெரு சேர்ந்து ஒரு புதுப் பசுவைக் கொண்டுவந்தது. இளசு, செவலை நிறம், புது இடத்தின் மிரட்சி. அதை எங்கள் வாசலுக்கு எதிரே கம்பத்தில் கட்டிவிட்டு நாகேஸ்வரன் உள்ளே வந்தார். பின்னால் பத்மப்ரியாவும் மற்றவர்களும் வாசலில் நின்றார்கள். ஜோசியர் சொன்னாராம், வாயைக் கட்டிய கையே இந்தப் பசுவை வீடு வீடாக அழைத்துப் போய் உருண்டை கொடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் போனவர்கள் அடங்குவார்கள், அவளும் இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று. கேட்கும்போது அவர் கொல்லைக் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தாழ்ப்பாள் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடத்தி வாசல்வரை வந்து அந்தப் பசுவை ஒருதடவை பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போறேன், சாமி. ஒண்ணே ஒண்ணு. எல்லா வீட்டு அரிசியும் ஒரு பாத்திரத்துல போடுங்க. எல்லாரு பேரையும் சொல்லி ஒத்த உருண்டை பிடிங்க. தெருவுக்கு ஒரு பிடி. அதை என் கையால நானே குடுக்கேன்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நல்ல வழி, பசுவும் பிழைக்கும், போனவர்களுக்கும் கிடைக்கும், இவளும் இருப்பாள். முதல் அரிசி என் வீட்டிலிருந்து வரும் என்றேன்.

பத்மப்ரியாதான் தொடங்கினாள். "எங்கப்பா இன்னொருத்தாத்து உருண்டையில வந்து கையேந்தணுமா?"

அவ்வளவுதான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். யார் பெயரை முதலில் சொல்வது, எந்தக் கோத்திரம் முன்னால், யார் வீட்டு அடுக்களையில் மடியாகப் பிசைவது. உயிரோடு இருக்கும்போது பேசிக்கொள்ளாத இரண்டு பேரை ஒரே பிடியில் எப்படி வைப்பது என்றுகூட ஒருவர் கேட்டார். கடைசியில் நாகேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு, அது முறையில்லை மாடத்தி என்றார்.

"அப்பம் இதுக்கு நோவு வரும்போது நான் இங்க இருக்கமாட்டேன்" என்றாள் அவள்.

உள்ளே போய்த் துணிகளைப் பையில் வைத்தாள். இது என் வீடு, உன்னைப் போகச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை என்று நான் பின்னாலேயே போய்ச் சத்தம் போட்டேன். கையைக்கூடப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் போகச் சொல்லல, பாட்டிம்மா. அது கொல்லையில நிக்குது. வயிறு உப்பி, வாய் நெறைய எள்ளோட நிக்குது. தண்ணி வச்சாலும் குடிக்க மாட்டேங்குது. இன்னொண்ணும் வந்து அது பக்கத்துல நிக்கதை என்னால பார்க்க முடியாது."

கொல்லை வழியாகப் போகவில்லை. கூடத்தைக் கடந்து, நின்றவர்கள் ஒதுங்க, முன்வாசல் படியிறங்கிப் போனாள். கம்பத்தருகே ஒரு கணம் நின்று, புதுப் பசுவின் இடது விலாவில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு பஸ் நிற்கும் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தாள். அவள் முதுகு மறையும் முன்பே யாரோ ஒருவர், வந்த பசு பசியாக இருக்கும் என்று சொல்லி, வீட்டுக்குள் போய் ஒரு சீப்பு பழத்தோடு வந்தார்.